நின்ன வண்டியைக் கிளப்பிய கதை

பேட்டரி வீக்கான வண்டி வச்சிருக்கவங்க இறக்கத்துலதான் நிறுத்துவாங்க. நிறுத்துறது சுலபம், திரும்பக் கிளப்புறதுதான் பெரும்பாடுன்னு அவங்களுக்குத் தெரியும். 2017ல அமேசானுக்கும் இந்தப் பாடம் கிடைச்சது. கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோமா?

அமேசானின் எஸ்3, 2006 மார்ச்சில் வந்த சேவை. படம், கோப்பு, பேக்கப் எதையும் அவர்களுடைய கணினிகளில் வாடகைக்குப் போட்டு வைக்கலாம். பதினோரு வருஷத்தில் எக்கச்சக்கமான இணையதளங்களுக்கு அதுதான் கிடங்கு.

2017 பிப்ரவரி 28. வடக்கு வர்ஜீனியா மண்டலத்துல எஸ்3யின் பில்லிங் பகுதி ரொம்ப மெதுவா ஓடுது, ஏன்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. பசிபிக் நேரம் காலை 9:37. சில சர்வர்களை மட்டும் கழட்டிவிட, வழக்கமான கையேட்டைப் பார்த்து ஒருத்தர் கமாண்டு அடிச்சார். அதுல ஒரு விவரம் தப்பு. நினைச்சதைவிட ஏகப்பட்ட சர்வர்கள் கழண்டுடுச்சு. எந்தக் கோப்பு எங்கே இருக்குன்னு குறிச்சு வைக்கிற இண்டெக்ஸ் பகுதியும், புதுக் கோப்புக்கு இடம் ஒதுக்குற பகுதியும் படுத்துடுச்சு. கிடங்குல சரக்கு பத்திரம், பேரேட்டைத்தான் காணோம்!

பொட்டி தட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச மருந்து ரீஸ்டார்ட். அங்கேதான் சிக்கல். பெரிய மண்டலங்களில் இந்தப் பகுதிகளை முழுசா நிறுத்திக் கிளப்பியே பல வருஷம் ஆச்சு. அதுக்குள்ள சரக்கு மலையா குவிஞ்சுடுச்சு. எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு சரிபார்க்கவே மணிக்கணக்காச்சு. முழுசா எழுந்து உட்கார்ந்தப்போ மதியம் 1:54. ட்ரெல்லோ, குவோரா மாதிரி தளங்கள் எல்லாம் தடுமாறிப் போச்சு. இதுல கூத்து என்னன்னா, கோளாறை அறிவிக்கிற அமேசானோட பலகையும் எஸ்3யை நம்பித்தான் இருந்தது. 11:37 வரைக்கும் எந்தச் சேவையோட நிலவரத்தையும் அதுல மாத்த முடியலை. ட்விட்டர்லயும் சொல்லிக்கிட்டிருந்தாங்க.

எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் நடந்ததுதான். அமேசான் வெளியிட்ட விளக்கத்துல அந்த ஆளோட பேரே இல்லை. கருவியை மாத்தினாங்க. இனிமே சர்வர்களை மெதுவாத்தான் கழட்டும். குறைந்தபட்சத் தேவைக்குக் கீழே போற மாதிரி இருந்தா முடியாதுன்னு சொல்லிடும். சீக்கிரம் கிளப்ப வசதியா, இண்டெக்ஸை இன்னும் சின்னச் சின்ன அறைகளாப் பிரிக்கிற வேலையையும் உடனே கையில் எடுத்தாங்க.

பராமரிப்புன்னா நிக்காம ஓட வைக்கிறதுன்னு நினைக்கிறோம். அது பாதிதான். நின்னா கிளப்பத் தெரியுமான்னு அப்பப்போ நிறுத்திப் பார்க்கிறது மீதிப் பாதி.

அது சரி, நீங்க எடுத்து வச்ச பேக்கப்பைக் கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க? :-)