மதுரைக் குன்றுகளில் நிலைபெற்ற அறக்கொடை

திருக்கோயில் எடுப்பித்தல் பேரறம்; எடுப்பித்ததைக் காத்தல் அதனினும் பேரறம். தொடங்கியவர் ஒருவராக, முடித்தவர் மற்றொருவராக, காத்தவர் பல தலைமுறையினராக அமைவதே திருப்பணியின் இயல்பு. இவ்வுண்மையை மதுரை மாநகரைச் சூழ்ந்த குன்றுகளில் இன்றும் கண்ணாரக் காணலாம். கல்வெட்டறிஞரை வழித்துணையாகக் கொண்டு, காலைப்பொழுதில் இக்குன்றுகளுக்கு நடந்து சென்று வரும் நல்வழக்கம் அண்மைக் காலத்தே மதுரையில் வேரூன்றியுள்ளது. 2010-ஆம் ஆண்டு தோன்றிய 'பசுமை நடை' அமைப்பினர் இதனைப் பலரும் அறியச் செய்தனர்.

அவ்வாறு செல்வோர் மேலூர்ச் சாலையில் முதற்கண் காண்பது, படுத்த களிறு போலத் தோன்றும் யானைமலை. திருஞானசம்பந்தர் தேவாரம் இதனை ஆனைமாமலை எனச் சுட்டுகின்றது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்ட தமிழிக் கல்வெட்டொன்று இவகுன்றம் என்று கூறும். இவம் என்பது யானை.

இம்மலையடிவாரத்தில் நரசிங்கப்பெருமாள் குடைவரை உள்ளது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சனாகிய மாரன் காரி என்பான் கி.பி. 770-இல் இதனைக் குடைவித்தான். ஆயின் நீர்த்தெளித்தல் என்னும் குடமுழுக்கு நிகழுமுன்னரே அவன் விண்ணுலகெய்தினான். பின்னர் அமைச்சனான அவன் தம்பி மாரன் எயினன், முகமண்டபம் எடுப்பித்து நீர்த்தெளித்து நிறைவு செய்தான். தமையன் செய்ததைத் தமையனுக்கும் தம்பி செய்ததைத் தம்பிக்கும் உரியதாகவே கல்வெட்டு பகுத்துக் கூறுகின்றது. பிறர் தொடங்கிய பணியை ஏற்று முடிப்பார்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அதே சாலையில் மேலும் சென்று மேலூரை அடுத்துள்ள அரிட்டாபட்டியை அடைந்தால், கழிஞ்சமலை எதிர்ப்படும். அங்கே இயற்கையாய் அமைந்த முழையொன்றின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டியுள்ளனர். அதனையொட்டிக் கிறித்துவிற்கு முற்பட்ட தமிழி எழுத்துக்கள் காணப்படுகின்றன. நெல்வேலியைச் சார்ந்த ஒருவனும், இலஞ்சியைச் சார்ந்த எமயவன் என்பானும் இம்முழையைத் துறவியர் உறையுளாகக் கொடுப்பித்தனர் என்பது அவற்றின் கருத்து. இரண்டாவது கல்வெட்டு 2003-ஆம் ஆண்டிலேதான் அறியப்பெற்றது. அவர்கள் ஈந்தது பொன்னன்று, விளைநிலமன்று. வெயிலும் மழையும் தாக்காத நிழல். ஈராயிரம் ஆண்டு கடந்தும் அக்கொடை அழியவில்லை.

அம்முழையின் அருகே பாறையில் தீர்த்தங்கரர் திருமேனி புடைப்பாக விளங்குகின்றது. பின்னாளில் அச்சணந்தி என்பார் அதனைச் செய்வித்ததையும், குடிமக்கள் அதன் காவலை ஏற்றதையும் வட்டெழுத்துக் கல்வெட்டு உரைக்கும்.

மலையின் மற்றொருபால் முற்காலப் பாண்டியர் பாணியில் அமைந்த சிவபெருமான் குடைவரை உள்ளது. இங்கே இலிங்கத் திருமேனியும் தாய்ப்பாறையிலேயே வடிக்கப்பெற்றது. புறத்தே ஒருபால் விநாயகரும், மறுபால் தடியேந்தி அமர்ந்த இலகுலீசரும் காட்சி தருகின்றனர். இலகுலீசர் கூர்ச்சர நாட்டுக் காரோகணத்தில் தோன்றிப் பாசுபத நெறியை வகுத்த ஆசிரியர் எனப் போற்றப்படுபவர். தமிழகத்தில் அருகியே காணப்படும் அவர் திருவுருவம், பாசுபதர்க்கும் பாண்டிநாட்டுக்கும் இருந்த தொடர்பைப் புலப்படுத்துகின்றது. சமணத் துறவியர்க்கு நிழல் தந்த மலையே சிவபெருமானுக்கும் கோயிலாயிற்று. பின்வந்தோர் முன்னோர் எழுத்தைச் சிதைத்திலர்.

இத்தகைய மலைகளுக்கு இடையூறு வாராமலில்லை. மேலூர் வட்டாரத்தில் கல் வாணிகத்திற்காகப் பல குன்றுகள் அறுக்கப்பட்டன. அறுக்கப்பட்ட குன்றில் கல்வெட்டிருந்தால் அதுவும் உடன் அழிந்தொழியும். கோயிலைப் போல மீண்டும் கட்டிக் குடமுழுக்காற்ற இயலாது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சார்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலப்பகுதி, தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. ஆயினும் 2024-ஆம் ஆண்டு, அப்பகுதியையும் உள்ளடக்கிய பரப்பில் டங்ஸ்டன் அகழும் உரிமை ஏலம் விடப்பட்டது. சுற்றூர் மக்கள் ஒருங்கே திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரித் திங்களில் மைய அரசு அவ்வேலத்தை நீக்கியது. பண்டு வட்டெழுத்தில் பொறித்த காவற்பொறுப்பை அம்மண்ணின் மக்கள் மீண்டும் நிறைவேற்றினர் எனலாம்.

கோபுரத்திற்குப் பொருளீந்த மெய்யன்பர்கள் ஒருமுறையேனும் இக்குன்றுகளுக்குத் தம் மக்களுடன் செல்லுதல் நன்று. செல்வோர் பாறையில் தம் பெயரைக் கீறாமலும், எழுத்தின்மீது எண்ணெயோ சுண்ணமோ பூசாமலும் மீள்வாராக; அதுவும் ஒரு திருப்பணியே. முன்னோர் கொடை நம் கையில் குறைவுறாது நம் மக்கள் கையிற் சேரத் திருவருள் துணைசெய்வதாக.

திருச்சிற்றம்பலம்.