மனத்தை எண்ணிய ஊர்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தெய்வ தரிசனத்துக்காகவோ கல்யாணப் பட்டு எடுப்பதற்காகவோ வருகின்றனர். வந்த காரியம் முடிந்ததும் ஊர் திரும்புகின்றனர். மனித மனத்தைப் பகுத்து நோக்கி, அதன் கூறுகளுக்குப் பெயரிட்டு, அவற்றை எண்ணிக் கணக்கெடுத்த ஒரு பெரிய பௌத்த சாஸ்திரம் இந்த ஊரில் ஒரு காலத்தில் செழித்திருந்தது என்பதையும், அதன் தலையாய ஆசிரியர்களுள் மூவர் இவ்வூரோடோ இவ்வூர் ஆண்ட நாட்டோடோ தொடர்புடையவர்கள் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இலர்.

கி.பி. 640ஆம் ஆண்டையொட்டித் தென்னாடு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் அவற்றில் 10,000 பிக்ஷுக்களும் இருந்ததாகவும், அவர்கள் ஸ்தவிர நிகாயம் என்னும் பௌத்தப் பிரிவைச் சார்ந்தவர்கள் என்றும் எழுதி வைத்தார். அந்த மடங்கள் இன்று இல்லை. 1915ஆம் ஆண்டில் டி. ஏ. கோபிநாத ராவ் காமாட்சியம்மன் கோயிலில் புத்தர் திருவுருவங்களைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அவற்றுள் ஏறக்குறைய எட்டடி உயரமுள்ள நின்ற திருவுருவம் இப்பொழுது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போதிதருமரின் பெயரை இன்று காஞ்சியில் அறியாதார் இல்லை. ஆனால் அவரை இவ்வூரோடு இணைக்கும் சான்றுகள் பிற்காலத்தவை. நான் சொல்ல வந்தவர்களோ நூல்களை விட்டுச் சென்றவர்கள்.

தமிழிலிருந்தே தொடங்குவோம். மணிமேகலை காவியத்தின் இறுதிக் காதைகள் காஞ்சியில் நிகழ்கின்றன. அங்கே அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கும் பன்னிரு சார்புகள், பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் எனப் பெரும்பாலும் தூய தமிழ்ப் பெயர் பூண்டு வருகின்றன. பொருள் வந்து புலனைத் தொடுவது ஊறு. தொட்டதை இன்பமென்றோ துன்பமென்றோ இரண்டுமற்றதென்றோ அனுபவிப்பது நுகர்வு. அதன்மேல் எழுவது வேட்கை. பாலி மொழியில் பஸ்ஸம், வேதனா, தண்ஹா என்று வழங்கும் நுட்பமான பரிபாஷைகளை, வயலிலும் வீட்டிலும் வழங்கும் சொற்களைக் கொண்டே காவிய ஆசிரியர் சாத்தனார் நிறுத்திக் காட்டியதை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது.

காஞ்சியில் பிறந்த தர்மபாலரின் கதையை யுவான் சுவாங்கே கூறுகிறார். அமைச்சரின் மகனாகிய அவருக்கு அரசன் தன் மகளை மணம் முடிக்க நிச்சயித்திருக்க, மணநாளின் முந்திய மாலையில் அவர் புத்தர் சந்நிதியில் மனமுருகிப் பிரார்த்தித்தாராம். ஒரு தெய்வம் அவரை வெகு தூரத்திலுள்ள மலை மடமொன்றில் கொண்டுபோய்ச் சேர்த்ததாம். பின்னர் அவர் நாலந்தாவின் தலைவராய் விளங்கினார்; அவருடைய சீடர் சீலபத்திரரே யுவான் சுவாங்கின் குரு. மனத்தின் கூறுகளை 51 என வகுக்கும் யோகாசார மரபில் அவர் எழுதிய உரையைத் தலையாய ஆதாரமாகக் கொண்டு, யுவான் சுவாங் 659ஆம் ஆண்டில் சீன மொழியில் ஒரு பெருநூல் தொகுத்தார்.

தேரவாத மரபின் மாபெரும் உரையாசிரியராகிய புத்தகோசர், தாம் காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்னும் தேரரோடு வசித்ததையும், அவர் வேண்டியபடியே அங்குத்தர நிகாயத்துக்கு உரை எழுதியதையும் அவ்வுரையின் முடிவில் குறிப்பிடுகிறார். தியானத்துக்கு இலக்கண நூலாகிய அவருடைய விசுத்திமார்க்கத்தில், விதர்க்கம், விசாரம் என்னும் இரண்டு மனக்கூறுகளை வேறுபடுத்த ஓர் உவமை வருகிறது. மனத்தைத் தியானப் பொருளின்மீது கொண்டுபோய்ச் சேர்ப்பது விதர்க்கம்; அது, மணியை அடிப்பது போன்றது. சேர்ந்த மனம் அப்பொருளிலேயே தோய்ந்து நிற்பது விசாரம். அது, அடித்த மணியின் ரீங்காரம் போன்றது. ஏகாம்பரநாதர் சந்நிதித் தெருவில் ஒரு மாலை நின்றிருந்தபோது கோயில் மணி ஒலித்தது. அடியின் ஓசை சட்டென்று முடிந்துவிட, கார்வை மட்டும் தேய்ந்து தேய்ந்து, எப்பொழுது நின்றது என்று சொல்ல முடியாதபடி நின்றது. ஏட்டில் பலமுறை படித்தும் விளங்காத பேதம் அன்று செவியில் விளங்கிற்று.

மூன்றாமவர் அநுருத்தர். பரமத்த விநிச்சயம் என்னும் நூலின் முடிவில், தாம் காஞ்சி நாட்டுக் காவேரி நகரத்தில் பிறந்தவர் என்று அவர் சொல்லிக்கொள்கிறார். அவர் பெயரால் வழங்கும் அபிதம்மத்த சங்கஹம் கையடக்கமான சிறு நூல். நம்ப என்னும் பெயருடைய அன்பர் ஒருவர் வேண்ட இயற்றப்பட்டது. அதில் சேதசிகங்கள், அதாவது சித்தத்தோடு சேர்ந்தெழும் கூறுகள், 52 என எண்ணப்படுகின்றன: எல்லாச் சித்தங்களிலும் தவறாது நிற்பவை 7, சிலவற்றில் மட்டும் வருபவை 6, தீயவை 14, அழகியவை 25. மணிமேகலையின் ஊறும் நுகர்வும் அந்த ஏழில் முதல் இரண்டு. பேதைமையும் வேட்கையும் தீயவற்றின் வரிசையில் மோகம், லோபம் என்று நிற்கின்றன. இவை சித்தத்தோடு ஒருங்கே தோன்றி, ஒருங்கே மறைந்து, ஒரே பொருளைப் பற்றி, ஒரே நிலைக்களனில் நிற்பவை என்பது அந்நூலின் இலக்கணம். பிள்ளையார்பாளையத்துத் தறியில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்கு வேறு நாடாக்களுமாக ஒவ்வோர் ஊடைக்கும் ஓடி, ஓரத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. நெய்து முடித்த சேலையில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரே துணி. நெசவாளி மட்டுமே எந்த இழை எங்கிருந்து வந்தது என்று அறிவான்.

அந்த நெசவாளியின் கண்ணைத் தன் மனத்தின்மீதே திருப்புவதுதான் இச்சாஸ்திரத்தின் பிரயோஜனம். அமர்ந்திருக்கும் யோகி மனம் சோர்ந்தால் தன்னைத்தானே நொந்துகொள்வதில்லை. தீனம், மித்தம் என்னும் கூறுகள் எழுந்திருப்பதைக் கண்டு, வீரியத்தையும் பிரீதியையும் எழுப்புகிறான். மனம் அலைந்தால் அமைதியையும் சமநிலையையும் வளர்க்கிறான். சிரத்தை மிகுந்து பிரக்ஞை குன்றினால் மூட பக்தியாகும். பிரக்ஞை மிகுந்து சிரத்தை குன்றினால் வஞ்சகத்தில் சாயும். ஸ்மிருதி ஒன்று மட்டும், எல்லாக் கறிகளுக்கும் வேண்டிய உப்பைப்போல, எப்பொழுதும் வேண்டும் என்கிறார் புத்தகோசர். கோபம் வந்தபோது ‘நான் கோபக்காரன்’ என்று எண்ணுகிறவனுக்கும், ‘துவேஷம் என்னும் கூறு எழுந்திருக்கிறது’ என்று காண்கிறவனுக்கும் உள்ள தூரம் பெரிது. பின்னவனுக்கு அது போய்விடும் என்பதும் கூடவே தெரிகிறது.

அநுருத்தரின் சங்கஹம் தமிழ்நாட்டில் மறக்கப்பட்டது. பர்மாவில் பிக்ஷுக்கள் மனப்பாடம் செய்யும் பாடநூலாக வாழ்ந்தது. 1897இல் லெடி சயாடோ அதற்கு ஒரு புதிய உரை எழுதியதோடு, தியானத்தை இல்லறத்தாருக்கும் கற்பித்தார். அவர் வழிவந்த ஊ பா கின் என்னும் அரசாங்க அதிகாரியிடம் பயின்ற கோயங்கா 1969இல் இந்தியா வந்து அதைப் போதிக்கத் தொடங்கினார். அம்மரபின் நிலையம் ஒன்று சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் இருக்கிறது. அங்கே பத்து நாள் பயிற்சியில் வாய் பேசாமல் அமர்ந்திருப்போர், தலைமுதல் கால்வரை தங்கள் உடலில் இடைவிடாது உற்றுநோக்கிக்கொண்டிருப்பது, கச்சி மாநகரில் அறவண அடிகள் நுகர்வு என்று பெயர் சொல்லிக் கொடுத்த அதனையே.