மூன்று சொட்டு நேர்வாளம்

நேர்வாளம் நமக்குத் தெரிந்த கொட்டைதான். சித்த மருத்துவத்தில் பேதிக்குக் கொடுப்பார்கள். சுத்தி செய்யாமல் கொடுக்க மாட்டார்கள். அதன் எண்ணெய் பட்டால் தோல் கொப்புளிக்கும். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், பெண்களின் முகச்சுருக்கத்தைப் போக்கும் ‘கெமிக்கல் பீல்’ சிகிச்சைக்குள் அந்த எண்ணெய் சொட்டுக் கணக்கில் நுழைந்தது. பெண்களின் தொழிலறிவு எப்படிக் கைமாறுகிறது என்பதை அந்தச் சொட்டுகளைப் பின்தொடர்ந்தால் பார்க்கலாம்.

அமிலத்தால் தோலை உரிப்பது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. சாலிசிலிக் அமிலம், ரெசார்சினால், டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம், ஃபீனால் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்பதை ஜெர்மானியத் தோல் மருத்துவர் பவுல் உன்னா 1882இல் எழுதினார். ஃபீனால் என்பது கார்பாலிக் அமிலம்தான். நியூயார்க்கின் ஜார்ஜ் மில்லர் மெக்கீ 1903 முதல் முகப்பருத் தழும்புகளுக்கு அதைப் பூசினார்; ஆனால் 1952இல்தான் அதைப் பற்றி வெளியிட்டார்.

இந்த இடைவெளியில் ஹாலிவுட்டிலும் மயாமியிலும் ஒரு தொழில் வளர்ந்தது. அதைச் செய்தவர்களை மருத்துவ ஏடுகள் ‘லே பீலர்’ என்கின்றன. அதாவது மருத்துவப் பட்டம் இல்லாத பீல்காரர்கள். அவர்களில் பலர் பெண்கள்: ஆன்டனெட் லா காஸ்ஸே, கோரா கலான்டி, மிரியம் மாஷெக். முதல் உலகப் போரில் வெடிமருந்தால் வந்த தழும்புகளுக்கு ஃபீனால் பூசிய பிரெஞ்சு மருத்துவரின் மகள் ஆன்டனெட். தந்தையிடம் கற்ற முறையோடு அவர் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தார். அவர்களுடைய கலவை பரம ரகசியம். பட்டமோ உரிமமோ இல்லாதவர்களுக்கு ரகசியம் மட்டுமே சொத்து.

இவர்களைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை. ஃபீனால் தோல்வழியே இரத்தத்தில் கலந்தால் இதயத்துடிப்பைத் தடுமாறச் செய்யும். அந்த ஆபத்தைச் சுமந்தவர்கள் வாடிக்கையாளர்களாக வந்த பெண்களே.

1960களின் தொடக்கத்தில் மயாமியின் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் தாமஸ் பேக்கரும் ஹோவர்ட் கோர்டனும் ஒரு கலவையை அறிவித்தார்கள்: 88 சதவீத ஃபீனால் 3 மில்லி, தண்ணீர் 2 மில்லி, திரவ சோப்பு 8 சொட்டு, நேர்வாள எண்ணெய் 3 சொட்டு. பூசிய பின் முகம் முழுக்க ஒட்டுநாடா. 48 மணி நேரம் கழித்துத்தான் பிரிப்பார்கள். கலவைக்கு அந்த இரு ஆண்களின் பெயரே நிலைத்தது. பீல்காரிகளோ, மருத்துவம் விரட்ட வேண்டிய போலிகள் என்ற இடத்தில் நின்றுவிட்டார்கள்.

வேலை செய்வது ஃபீனால்தான், நேர்வாள எண்ணெய் துணைச்சரக்கு என்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மருத்துவர்கள் நம்பினார்கள். கிரெகரி ஹெட்டர் என்ற மருத்துவர் 2000இல் வெளியிட்ட கட்டுரைத் தொடர் இதைத் தலைகீழாக்கியது. புண் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது நேர்வாள எண்ணெயின் அளவு என்று காட்டினார். பீல்காரர்களின் கலவைகளைத் தேடி, அதற்கென ஒரு கட்டுரையையே ஒதுக்கினார். எண்ணெயைக் குறைத்து, முகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்ற அளவில் பூசலாம் என்றும் சொன்னார்.

அதுவரை எல்லோருக்கும் ஒரே மூன்று சொட்டு. சுருக்கம் போனது, பலருக்கு முகத்தின் நிறமும் சேர்ந்து போனது. கழுத்து ஒரு நிறம், முகம் சுண்ணாம்பு வெள்ளை. கலவை யாரிடமிருந்து வந்தது என்று வெளிப்படையாகச் சொல்லி, அவர்களிடம் கேட்டிருந்தால், எந்தச் சரக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி முன்பே எழுந்திருக்கலாம்.

இன்று நம் ஊரில் பரவலாக இருப்பது கிளைகாலிக், லாக்டிக் அமில பீல்கள். ஃபீனால் அளவுக்கு ஆழம் போகாதவை. ஆனாலும் மாநிறத்திலும் கறுப்பிலும் சூடுபட்ட இடம் கருத்துப்போகும் வாய்ப்பு அதிகம். இதைச் செய்யும் உரிமை பியூட்டி பார்லருக்கா, மருத்துவருக்கா என்ற சண்டை மட்டும் நம் காதில் விழுகிறது. எந்த அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் என்று படுத்திருக்கும் பெண் கேட்டால், இருவரில் யாராக இருந்தாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.