வலி தணிக்கும் அன்பின் வரலாறு

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்." மருத்துவமனை வாசலில் கேட்கும் இச்சொற்கள் நம் பங்குகளில் எத்தனையோ இல்லங்களை இருளில் ஆழ்த்தியுள்ளன. புற்றுநோய் முற்றியவர், சிறுநீரகம் செயலிழந்தவர், பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தவர் ஆகியோரை வீட்டிற்குக் கொண்டுவந்த குடும்பத்தார் செய்வதறியாது திகைக்கின்றனர். சிலர் கடன்பட்டு அடுத்த மருத்துவமனையைத் தேடுகின்றனர். சிலர் "ஆண்டவர் சித்தம்" என்று தேற்றிக்கொண்டு, நோயாளி இரவெல்லாம் அலறுவதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். உண்மையில் செய்வதற்கு நிறைய உண்டு. அதைக் கற்றுக்கொள்ள மருத்துவ உலகிற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவ்வரலாற்றில் திருச்சபையின் மகளிருக்குப் பெரும் பங்குண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

போர்வை என்னும் சொல்

'பாலியேட்டிவ் கேர்' என்று மருத்துவர்கள் கூறுவதை நாம் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை என்கிறோம். அப்பெயரின் வேர் 'பாலியும்' என்னும் இலத்தீன் சொல். மேலே போர்த்தும் ஆடை என்பது அதன் பொருள். ஆமியேன் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய வறியவருக்குத் தம் மேலாடையை வெட்டிப் பாதியைக் கொடுத்த புனித மார்ட்டீன் இங்கு நம் நினைவுக்கு வருகிறார். அம்மனிதரின் வறுமையை அவரால் நீக்க இயலவில்லை; குளிரைப் போக்கினார். நோயை நீக்க இயலாதபோதும் நோவைத் தணிக்கலாம் என்பதே இச்சிகிச்சையின் அடிப்படை.

1842-இல் பிரான்சின் லியோன் நகரில், கணவரையும் இரு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஜான் கார்னியே என்னும் கைம்பெண், தம்மைப் போன்ற கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு, தீராத நோயுற்ற பெண்களைப் பராமரிக்கும் பணியைத் தொடங்கினார். கல்வாரிப் பெண்கள் என்பது அவர்களது சங்கத்தின் பெயர். அயர்லாந்தில் மேரி ஐக்கன்ஹெட் அன்னை 1815-இல் நிறுவிய பிறரன்புச் சகோதரிகள் சபையார், 1879-இல் டப்ளின் நகரில், அன்னை தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த இல்லத்திலேயே, இறக்கும் தறுவாயிலுள்ள ஏழைகளுக்கு ஒரு விடுதி திறந்தனர். அதே சபையார் 1905-இல் இலண்டனின் ஹாக்னி பகுதியில் புனித சூசையப்பர் இல்லத்தை ஏற்படுத்தினர்.

இவ்வில்லங்களில் அன்பும் செபமும் தூய்மையும் நிறைந்திருந்தன. வலியை அடக்கும் அறிவு வளர்ந்திருக்கவில்லை. அதைக் கொணர்ந்தவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார்.

ஒரு சன்னலின் கதை

1918-இல் பிறந்த சாண்டர்ஸ் முதலில் செவிலியர். முதுகுவலியால் அப்பணியை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். வார்சாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்திருந்த டேவிட் தாஸ்மா என்னும் இளம் யூதர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தபோது இவர் அவருக்குத் துணையிருந்தார். 1948-இல் இறந்த தாஸ்மா, சாண்டர்ஸ் கட்டவிருக்கும் இல்லத்தில் தாம் ஒரு சன்னலாய் இருக்க விரும்புவதாகக் கூறி 500 பவுன் விட்டுச் சென்றார். இறப்போரின் வலியைப் பற்றிப் பேசினால் மருத்துவர்கள் செவிசாய்க்க வேண்டுமெனில், தாமே மருத்துவராக வேண்டும் என்றுணர்ந்த சாண்டர்ஸ், 1957-இல் 39-ஆம் வயதில் அப்பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு முதல் அவர் ஆய்வு செய்த இடம், அருட்சகோதரிகளின் புனித சூசையப்பர் இல்லமே. அக்காலத்தில் நோயாளி வலியால் துடித்துக் கெஞ்சிய பின்னரே மார்ஃபின் கொடுப்பது வழக்கம். வலி திரும்புமுன், மணி தவறாது, வாய்வழியே கொடுத்தால் நோயாளி மயங்காமலும் வலியின்றியும் வாழ்கிறார் என்பதைச் சாண்டர்ஸ் பதிவுகளால் நிறுவினார். உடல் வலியோடு மனத்தின் அச்சமும், குடும்பத்தைப் பற்றிய கவலையும், "எனக்கேன் இது?" என்னும் ஆன்மாவின் கேள்வியும் பின்னிக் கிடக்கின்றன என்று கண்டு, அதனை 'முழுமையான வலி' என்றழைத்தார். 1967-இல் அவர் இலண்டனில் திறந்த புனித கிறிஸ்தோபர் இல்லத்தைப் பின்பற்றி உலகெங்கும் இல்லங்கள் எழுந்தன. 1986-இல் உலக சுகாதார நிறுவனம், எளிய மாத்திரை முதல் மார்ஃபின் வரை வலிக்கேற்ப மூன்று படிகளில் மருந்து கொடுக்கும் முறையை வகுத்தளித்தது.

திருச்சபையின் பதில்

வலியைப் போக்குவது சிலுவையைத் தள்ளிவிடுவதாகாதா என்று கேட்கும் பக்தர்கள் இன்றும் உளர். கல்வாரியில் நம் ஆண்டவர் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை மதுவை மறுத்ததை அவர்கள் சுட்டுவர். 1957 பிப்ரவரி 24-ஆம் நாள் மயக்கவியல் மருத்துவர்களின் வினாக்களுக்கு விடையளித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதைத் தெளிவுபடுத்தினார். கிறிஸ்துவின் பாடுகளோடு ஒன்றித்துத் தம் வலியை ஏற்க விழைபவர் விருப்பத்தோடு ஏற்கலாம். அது எவருக்கும் கடமையன்று. வேறு வழியில்லாதபோது, நோயாளி தம் சமயக் கடமைகளை நிறைவேற்றத் தடையில்லையெனில், ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்றாலும் வலியைத் தணிக்கும் நோக்குடன் மருந்து கொடுக்கலாம் என்றார் அவர். கருணைக்கொலையைத் திருச்சபை உறுதியாக மறுக்கிறது; அதே உறுதியோடு 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் இச்சிகிச்சையைத் தன்னலமற்ற அன்பின் சிறப்பு வடிவமெனப் போற்றி ஊக்குவிக்கிறது. சிலுவையைத் தாமே விரும்பிச் சுமப்பது தவம். அதை நோயாளியின் தோளில் பிறர் ஏற்றிவைப்பது தவமாகாது.

மற்றுமொரு மாற்றத்தையும் நினைவுகூர்வோம். முன்னர் 'அவஸ்தைப் பூசுதல்' என்றழைத்து, உயிர் பிரியும் வேளைக்கென்று ஒத்திவைத்த அருட்சாதனத்தை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் 'நோயில் பூசுதல்' என்றழைப்பதே தகும் என்றது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதன் சடங்கைப் புதுப்பித்தார். ஆயினும் குருவானவர் வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று நினைவு தப்பும்வரை காத்திருக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. ஆதரவுச் சிகிச்சைக்கும் அதே கதிதான். 2010-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரிடம் செய்த ஆய்வு நமக்கு ஒரு பாடம். வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே இதையும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்திருந்ததோடு, நடுநிலைக் கணக்கில் 11.6 மாதங்கள் வாழ்ந்தனர், மற்றவர்கள் 8.9 மாதங்கள்.

நம் நாட்டில்

இந்தியாவின் முதல் இல்லமான சாந்தி அவேத்னா 1986-இல் மும்பையில் தொடங்கியது. ஆனால் 1985-இன் போதைப்பொருள் தடைச் சட்டம் மார்ஃபினை மருத்துவரிடமிருந்தே விலக்கி வைத்திருந்தது. உலகின் மருந்துத் தேவைக்காக அபினி விளைவிக்கும் இந்நாட்டில், சொந்த மக்கள் வலியால் துடித்தனர். 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களுடன் தொடங்கிய சங்கம் வேறொரு வழி காட்டியது. பயிற்சி பெற்ற அண்டை வீட்டார் நோயாளியைத் தேடிச் சென்றனர். கேரள அரசு 2008-இல் இதற்கெனக் கொள்கை வகுத்தது. 2014-இல் அச்சட்டமும் திருத்தம் பெற்றது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் படுக்கையிலிருக்கும் நோயாளியின் வீட்டிற்கே இச்சேவையைக் கொண்டுசெல்ல முற்பட்டது.

ஆகவே, நோய் கடுமையானது என்று தெரிந்தவுடனேயே மருத்துவரிடம் இச்சிகிச்சை பற்றிக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரியுங்கள். மருந்துகளையும் வேளைகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வலி வரும்வரை காத்திராமல் மணிப்படி கொடுங்கள். மார்ஃபின் மலச்சிக்கல் உண்டாக்கும். அதற்கான மருந்தையும் உடன் கேட்டுப் பெறுங்கள். மருத்துவர் கண்காணிப்பில் வலிக்கென உட்கொள்பவர் அதற்கு அடிமையாவது அரிது. எல்லாவற்றிற்கும் மேலாக, நோயாளியின் விருப்பம் என்னவென்று அவரிடமே கேளுங்கள். இரவும் பகலும் கண்விழிக்கும் மனைவியோ மகளோ சற்று உறங்க வேண்டாமா? அன்பியத்தாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் முறைவைத்து இரண்டு மணி நேரம் அமர்ந்தால் அதுவே பெருந்தொண்டு.

சிலுவையடியில் நின்ற நம் தேவ அன்னையால் மகனை இறக்கிவிட இயலவில்லை. ஆணிகளைப் பிடுங்கவும் இயலவில்லை. ஆயினும் அவர் அவ்விடம் விட்டு அகலாது நின்றார். நம் கையிலோ அவருக்குக் கிட்டாத மருந்தும் அறிவும் உள்ளன. அவற்றோடு அவ்வன்னையைப் போல் நாமும் நோயாளியின் அருகில் நிற்போமாக.