வெறும் வயிறும் ஒரு கையெழுத்தும்

தாலியைக் கழற்ற வைப்பதுதான் பெரிய வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. 1970களின் கடைசியில் தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்தேன். ஒரு பெண்ணை வயிற்று ஆபரேஷனுக்குத் தயார் செய்ய மூத்த சிஸ்டர்கள் எனக்குச் சொல்லித்தந்த வரிசை இது: முதல்நாள் மாலை எனிமா, பிறகு தொப்புளுக்கு மேலிருந்து தொடைவரை பிளேடால் மழித்தல். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. விடிந்ததும் மறுபடி எனிமா, இரண்டு சடை, பச்சை கவுன். வளையல், மெட்டி, மூக்குத்தி எல்லாம் வீட்டாரிடம் போய்விடும். தங்கத் தாலியை மாமியார் வாங்கி முடிந்துகொண்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிவிடுவார். மின்சாரத்தால் சுடும் காட்டரி இருக்கிற அறையில் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்று விளக்கினால் பாதிப்பேர் ஒப்புக்கொள்வார்கள். மீதிப்பேருக்குத் தாலிமேல் பிளாஸ்திரி ஒட்டி உள்ளே அனுப்புவோம்.

அவளிடம் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "கடைசியா என்னம்மா சாப்பிட்டே, எப்ப சாப்பிட்டே?"

பணிக்காலத்தின் பிற்பகுதியில், கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்கு, சிறு துளை வழியே குழாய் விட்டு லேப்ராஸ்கோப்பி செய்யும் தியேட்டர்களில் நின்றேன். அதற்குள் இந்த வரிசையில் பாதி காணாமல் போயிருந்தது. ஓய்வுபெற்ற பிறகுதான், இந்த வழக்கங்களெல்லாம் எங்கிருந்து வந்தன, ஏன் போயின என்று தேடிப் படிக்க நேரம் கிடைத்தது.

வெறும் வயிற்றிலிருந்தே தொடங்குகிறேன். ஆபரேஷனுக்கு முன் பட்டினி என்பது ஆதியிலிருந்து வந்த விதி அல்ல. கிருமிநாசினி முறையைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரே 1880களில், திட உணவுதான் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒரு கோப்பை தேநீரோ இறைச்சிச் சாறோ கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். 1946இல் நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் 44,016 பிரசவங்களின் குறிப்புகளைப் புரட்டி, மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போன 66 பெண்களைப் பற்றி எழுதினார். பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் உலகம் முழுக்க "நள்ளிரவுக்குப் பின் ஒன்றும் கூடாது" என்ற ஒரே வரியாகச் சுருங்கிப்போனது. காலை எட்டு மணி ஆபரேஷனுக்கும் அதே சட்டம், மதியம் மூன்று மணிக்கும் அதே சட்டம். பங்குனி வெயிலில் உதடு வெடித்துக் கிடந்த பெண்களை வார்டு வார்டாகப் பார்த்திருக்கிறேன். 1980களில் கனடாவின் ரோஜர் மால்ட்பி, ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு தண்ணீர் குடித்தவர்களின் வயிற்றைச் சோதித்து, பட்டினி கிடந்தவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து கூடவில்லை என்று காட்டினார். 1999இல் அமெரிக்க மயக்கமருந்து மருத்துவர் சங்கம், தெளிந்த பானங்களை இரண்டு மணி நேரம் முன்புவரை அனுமதித்தது. லிஸ்டர் சொன்ன இடத்துக்கே ஒரு நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தார்கள்.

பிளேடின் கதையும் அதுதான். மழித்தால் சுத்தம் என்று நம்பினோம். பிளேடால் மழித்தவர்களுக்குத்தான் காயத்தில் கிருமித்தொற்று அதிகம் என்று 1971இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பிளேடு தோலில் போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறுகிறது. எங்கள் வார்டுகளில் அதற்குப் பிறகும் பல வருடம் பிளேடு ஓயவில்லை. இப்போது தேவையிருந்தால் மட்டும் கிளிப்பரால் கத்தரிக்கிறார்கள்.

படுக்கை விஷயத்தில் இன்னும் அதிசயம். சிகாகோவில் எமில் ரீஸ் என்ற பெண்நோய் மருத்துவர், ஆபரேஷன் முடிந்த ஓரிரு நாளிலேயே நோயாளிகளை எழுப்பி நடக்கவிட்டார். எழுதியது 1899இல். யாரும் காது கொடுக்கவில்லை. இரண்டு மூன்று வாரம் அசையாமல் கிடப்பதுதான் மரியாதை என்றிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படுக்கைக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு வந்த பிறகுதான் சீக்கிரம் எழுப்பும் வழக்கம் பரவியது. எங்கள் ஊரிலோ மருத்துவமனை விட்டாலும் வீடு விடாது. பச்சை உடம்பு என்று ஒரு மாதம் பத்தியம். கத்திரிக்காய் கரப்பான், உருளை வாயு, பூசணி குளிர்ச்சி. எல்லாவற்றையும்விடக் கொடுமை, தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும் என்று ஒரு டம்ளரை ஒரு நாளுக்கு வைத்து ஓட்டுவது. மலச்சிக்கலும் நீர்க்கடுப்புமாகத் தையல் பிரிக்க வந்து நிற்பார்கள்.

இந்த வழக்கங்களில் மிச்சமிருந்ததை உலுக்கியது லேப்ராஸ்கோப் என்ற ஒரு குழாய். ஜெர்மனியின் டிரெஸ்டனைச் சேர்ந்த கியோர்க் கெல்லிங் 1901இல் ஒரு நாயின் வயிற்றில் காற்றைச் செலுத்தி, சிறுநீர்ப்பை பார்க்கும் கருவியை நுழைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்வீடனின் ஜக்கோபேயஸ் 1910இல் அதை மனிதர்களிடம் செய்தார். பாரிஸில் ஜெர்மானியப் படை ஆண்ட நாட்களில் ராவுல் பால்மர் பெண்களைத் தலை தாழ்த்திப் படுக்க வைத்தார். குடல் மேலே சரிந்து கர்ப்பப்பை கண்ணுக்குத் தெரிந்தது. இன்றும் அதே சாய்மானம்தான். ஆனால் அன்று குழாயின் முனையில் இருந்தது சின்ன பல்பு, தொட்டால் குடல் சுடும். அந்தப் பல்பை வெளியேற்றியதில் ஓர் இந்தியருக்கும் பங்குண்டு. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டு வழியே படத்தைக் கடத்த முடியும் என்று 1954இல் காட்டினார். அதன் பிறகு விளக்கு வெளியே, வெளிச்சம் மட்டும் உள்ளே என்றானது. ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித் தண்டு லென்ஸ்தான் நான் கையாண்ட எல்லா டெலஸ்கோப்பிலும் இருந்தது.

அந்த டெலஸ்கோப் முதலில் எங்கள் கைக்கு வந்தது நோய் பார்ப்பதற்காக அல்ல, கருத்தடைக்காக. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77இல் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு. ஆட்சி கவிழ்ந்தது. பிறகு எந்த அரசும் ஆண்கள் பக்கம் அதே வேகத்தில் போகத் துணியவில்லை. பாரம் பெண்கள் மேல் இறங்கியது. அந்த நேரத்தில் லேப்ராஸ்கோப் கையில் கிடைத்தது. மரப்பு ஊசி போதும், சிறு துளை, கருக்குழாயை இழுத்து ஒரு சிலிக்கோன் வளையம் மாட்டினால் ஆயிற்று. சில நிமிட வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பள்ளிக்கூட வகுப்பறையிலும் முகாம் போட்டார்கள். டெலஸ்கோப்பை சைடெக்ஸ் என்ற கிருமிநாசினித் தட்டில் முக்கி, எடுத்து, ஸ்டெரைல் தண்ணீரில் அலசி, அடுத்த பெண்ணுக்கு நீட்டுவது என் வேலை. அந்த நெடியில் கண் எரியும். ஆளுக்கு இத்தனை கேஸ் என்று இலக்கு வைக்கும் முறையை அரசு கைவிட்டது 1996இல். முகாம்களோ தொடர்ந்தன. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தும்படி 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. அத்தனை ஆயிரம் வயிற்றுக்குள்ளும் வெளிச்சம் போனது. கர்ப்பப்பையின் பின்புறம், சினைப்பை, குடல் எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு எதிரேதான் இருந்தன. கருக்குழாய் எங்கே என்று மட்டும் பார்த்தோம். உனக்கு மாதாமாதம் வலி எப்படி இருக்கும் என்று மேஜையில் படுத்திருந்த பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த வலிக்குக் காரணமாகக்கூடிய எண்டோமெட்ரியோசிஸ் அப்போது புதிதும் அல்ல. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஜான் சாம்ப்சன், சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிச் சாக்லேட் நிறத்தில் நிற்கும் கட்டிகளைப் பற்றி 1921இலேயே எழுதிவிட்டார். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் ஆபரேஷன் வைத்துக்கொண்டு, உள்ளே பரவிய திட்டுகளும் அதே நாளில் கசிகின்றனவா என்று கவனித்தார். மாதவிலக்கு இரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் சிந்துவதே காரணம் என்று 1927இல் வாதிட்டார். அந்தக் கொள்கை நோய் முழுவதையும் விளக்கவில்லை என்றாலும் இன்னும் நிற்கிறது. பாஸ்டனின் ஜோ மெய்க்ஸ் 1940களில் வேறொன்று சொன்னார்: பெண்கள் கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் தள்ளிப்போடுவதுதான் காரணம், சீக்கிரம் மணமுடித்துப் பிள்ளை பெறட்டும் என்று. எங்கள் பாட்டிமார் வெந்தயத்தையும் மோரையும் கொடுத்துவிட்டு, "கல்யாணம் ஆனா சரியாயிடும், ஒரு பிள்ளை பொறந்தா சரியாயிடும்" என்பார்கள். பாஸ்டனில் அதையே கட்டுரையாக அச்சடித்தார்கள். பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கக்கூடிய நோய் பெயர் தெரியாமல் பல வருடம் வீட்டிலேயே கிடந்ததற்கு இரண்டு தரப்புக்கும் பொறுப்புண்டு.

எட்டிப் பார்க்கும் குழாயை ஆபரேஷன் செய்யும் குழாயாக மாற்றியவர்களும் பெண்நோய் மருத்துவர்கள்தாம். ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் லேப்ராஸ்கோப் வழியே ஆபரேஷன் செய்யத் தொடங்கியபோது, சக மருத்துவர்கள் அவர் மூளையையே சந்தேகித்தார்கள். 1980இல் அவர் குடல்வாலையே அந்த வழியே எடுத்தார். அமெரிக்காவின் அட்லாண்டாவில் கம்ரான் நெஸாட், குழாயில் கண் வைத்துக் குனியாமல், கேமரா மாட்டித் திரையைப் பார்த்து நிமிர்ந்து நின்று ஆபரேஷன் செய்தார். குடலிலும் சிறுநீர்ப்பையிலும் ஒட்டிக்கிடந்த எண்டோமெட்ரியோசிஸைக் கூட அப்படியே வெட்டி எடுத்தார். இந்தியாவில் டெஹெம்டன் உத்வாடியா 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பித்தப்பையை இப்படி எடுத்தார். அதன்பின் சில வருடங்களில் கோயம்புத்தூர், சென்னை, மதுரை என்று திரைகள் வந்துவிட்டன.

இன்று எண்டோமெட்ரியோசிஸ் ஆபரேஷனுக்கு வரும் பெண், குடலைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தால் பெக்லெக் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறாள். எல்லோருக்கும் அது தேவையில்லை என்று பல மருத்துவர்கள் அதையும் விட்டுவிட்டார்கள். தொப்புளில் ஒரு துளை, அடிவயிற்றில் அரை சென்டிமீட்டரில் இரண்டு மூன்று. சாயங்காலமே எழுப்பி நடக்கவிடுவார்கள். கண் விழித்ததும் பலர் தொடுவது வயிற்றை அல்ல, வலது தோளை. "வயித்துல ஆபரேஷன், தோள் ஏன் வலிக்குது சிஸ்டர்?" வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கரியமில வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துகிறது. அங்கிருந்து வரும் நரம்பும் தோளின் உணர்வும் கழுத்தில் ஒரே இடத்தில் சேர்வதால் வலி மேலே தெரிகிறது. நடந்தால், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மாறாத கேள்வி ஒன்று இருக்கிறது: "காத்து பிரிஞ்சுதாம்மா?" வார்டே கேட்கும்படி கேட்போம், அவளும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வாள். இப்போது அந்தப் பதிலுக்காகக் காத்திராமல் கஞ்சியோ இட்லியோ கொடுக்கிறார்கள். கோபன்ஹேகனின் ஹென்ரிக் கேலெட் 1990களில் தொடங்கிவைத்த வழி இது: சீக்கிரம் ஊட்டு, சீக்கிரம் நடக்க விடு. தண்ணீர் தாராளம். முதல் மாதவிலக்கு கொஞ்சம் கடுமையாக இருக்கலாம், பாரம் தூக்கக் கூடாது, குடலில் கை வைத்திருந்தால் ஓய்வு கூடுதல். இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போகும். நோய் திரும்பலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் வயிற்றைத் தயார் செய்வதோடு வேலை முடியவில்லை என்று நீதிமன்றம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. 1995இல் டில்லியில், நாற்பதைக் கடந்த, மணமாகாத ஒரு பெண் நோயைக் கண்டறிய லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்துப் படுத்தார். உள்ளே எண்டோமெட்ரியோசிஸ் தெரிந்தது. அவர் மயக்கத்தில் இருந்தார். வெளியே இருந்த தாயிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2008இல் தீர்ப்பு: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, பார்க்கக் கொடுத்த சம்மதம் அகற்றுவதற்குச் செல்லாது, பெற்றவளின் கையெழுத்தும் செல்லாது.

என் காலத்தில் சம்மதப் படிவத்தை நாங்கள் நீட்டியது கணவரிடம், அவர் இல்லாவிட்டால் மாமனாரிடம். பெண்ணின் பெருவிரல் ரேகை கடைசியில், இடம் இருந்தால். ஆகவே இப்போது என்னிடம் யோசனை கேட்டு வரும் பெண்களுக்குச் சாப்பாட்டையும் துணிமணியையும் பற்றி நான் அதிகம் சொல்வதில்லை. முதல் நாளே டாக்டரோடு உட்கார்ந்து கேட்கச் சொல்கிறேன்: சினைப்பையில் கட்டி இருந்தால் கட்டியை மட்டும் எடுப்பீர்களா, சினைப்பையையே எடுப்பீர்களா? குடலில் ஒட்டியிருந்தால் அன்றே வெட்டுவீர்களா, எழுப்பிக் கேட்டுவிட்டுப் பிறகு செய்வீர்களா? மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க நேருமா? எது என் அனுமதியில்லாமல் நடக்கக் கூடாது? பதிலைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள், படித்துப் பாருங்கள், கையெழுத்தை நீங்களே போடுங்கள். தாலியைக் கழற்றித் தரும்போது வாங்கி வைத்துக்கொள்ள மாமியார் வரட்டும், ஆட்சேபணை இல்லை.