கீழ்நோக்கிய கண் – 5: முப்பது சென்டிமீட்டர் ஆடி

பைக்கனூரிலிருந்து 2000 செப்டம்பர் 26 அன்று கிளம்பிய தியுங்சாட்-1 பத்திரமாகச் சுற்றுப்பாதையில் சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். பிரிட்டனின் சர்ரே நிறுவனம் கூடவே இருந்து கற்றுக்கொடுக்க, நம் மலேசியப் பொறியாளர்கள் உருவாக்கிய ஐம்பது கிலோ துணைக்கோள் அது. அது எடுத்த படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறக்குறைய 80 மீட்டர். அந்தக் கணக்குக்கு நம் சாலாக் செலாத்தான் ரயில் நிலையம் இரண்டு மூன்று புள்ளிகளில் அடங்கிப்போகும். ரசாக் மேன்ஷன் அடுக்குமாடி எது, அதை ஒட்டிய சாலை எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

அடுத்த துணைக்கோளுக்கு வந்த கோரிக்கை வேறு மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இரண்டரை மீட்டர்!

அந்த அளவில் எடுத்தால் ஒரு பஸ் படத்தில் தெரியும்: அகலத்துக்கு ஒரு புள்ளி, நீளத்துக்கு ஐந்து புள்ளி. ரசாக் மேன்ஷனின் கட்டடங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். சுங்கை பெசி பழைய விமான ஓடுபாதையின் ஓரங்கள் கோடாகத் தெரியும். அதுவும் 685 கிலோமீட்டர் உயரத்திலிருந்து. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் ஒரு பத்து சென் காசைக் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு கூர்மை வேண்டுமோ, அவ்வளவு கூர்மை இதற்கும் வேண்டும். சாதாரணக் கேமராவுக்கு அது எட்டாத வேலை. தேவைப்பட்டது ஒரு தொலைநோக்கி. நட்சத்திரங்களைப் பார்க்காமல் பூமியைப் பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கி.

அதைக் கட்டும் பொறுப்பு ஏ.டி.எஸ்.பி. என்று அழைக்கப்பட்ட அஸ்ட்ரோநாட்டிக் டெக்னாலஜி நிறுவனத்துக்குப் போனது. 1995இல் தொடங்கிய அந்த நிறுவனம் நிதியமைச்சுக்குச் சொந்தமாக இருந்தது. ஆக, பணம் கொடுப்பதும் அரசாங்கம், பொருளைச் செய்து கொடுப்பதும் அரசாங்கத்தின் நிறுவனம். இந்த உறவை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் இதுதான் வாசல் என்று நான் நினைக்கிறேன். கட்டுகிறவரைத் தட்டிக் கேட்க வெளியாள் ஒருவர் வேண்டாமா?

ஏ.டி.எஸ்.பி. மறுபடியும் சர்ரேயிடம் போயிருக்கலாம். போகவில்லை. கூட்டாளியாகத் தேர்ந்தெடுத்தது தென் கொரியாவின் தேஜோன் நகரில் அப்போதுதான் முளைத்திருந்த சத்ரெக் இனிஷியேட்டிவ் என்ற சின்ன நிறுவனத்தை. அதன் பொறியாளர்களும் ஒரு காலத்தில் சர்ரேயின் மாணவர்களே. 1980களின் கடைசியில் பேராசிரியர் சோய் சுன்-தால் தம் மாணவர்களை அங்கே படிக்க அனுப்பினார். 1992இல் கொரியாவின் முதல் துணைக்கோளான கிட்சாட்-1 ஏவப்பட்டது. அந்தப் பட்டறையில் வளர்ந்தவர்கள் தனியாகப் பிரிந்துவந்து தொடங்கியதுதான் சத்ரெக். வெளிநாட்டிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த முதல் ஒப்பந்தம் மலேசியாவினுடையது. ஒரே ஆசிரியரிடம் படித்த இரண்டு மாணவர்கள் சேர்ந்து எழுதப்போகும் பரீட்சை என்று இதைச் சொல்லலாம்.

மலேசியப் பொறியாளர்கள் தேஜோனுக்குப் போய்க் கொரியர்களுடன் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். தொலைநோக்கியின் உள்ளமைப்பு இதுதான்: 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள முதன்மை ஆடி கீழே. அதில் பட்டுத் திரும்பும் ஒளி, மேலே இருக்கும் சிறிய ஆடியில் மோதி மறுபடி கீழிறங்கி, உணரிகளின் மேல் விழும். உணரிகள் ஐந்து வரிசை. ஒன்று கறுப்பு வெள்ளைக்கு, நான்கு வண்ணப் பட்டைகளுக்கு. துணைக்கோள் ஓட ஓட, தரை ஒவ்வொரு கோடாகப் படமாகும். ஒரு நேரத்தில் இருபது கிலோமீட்டர் அகலம். இரண்டு ஆடிகளுக்கும் இடையிலான தூரம் ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவாக நகர்ந்தாலும் படம் மங்கிவிடும்.

இந்த இடத்தில் அமெரிக்கா பக்கம் ஒரு நடை போய்வருவோம். ஏனென்றால், இதே இரட்டை ஆடி ஏற்பாட்டில் உலகின் மிகப் பணக்கார விண்வெளி நிறுவனம் எப்படிச் சறுக்கியது என்பது தேஜோனில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

1977இல் நாசா, ஹப்பிள் தொலைநோக்கிக்காக இரண்டு ஒப்பந்தங்களைக் கொடுத்தது. விண்கலத்தைக் கட்டுவது லாக்ஹீட். ஆடியைத் தேய்ப்பது பெர்க்கின்-எல்மர். 2.4 மீட்டர் ஆடியை அளந்து பார்க்க வைத்திருந்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி இருந்தது. அளவுகோலே தப்பு. ஆடி அந்தத் தப்பான அளவுக்கு மிகத் துல்லியமாகத் தேய்க்கப்பட்டது. வேறு இரண்டு சோதனைகள் கோளாறு இருப்பதைக் காட்டத்தான் செய்தன. ஆனால், அந்தக் கருவிகளுக்குத் துல்லியம் போதாது என்று முடிவு ஒதுக்கப்பட்டது. கோடாக் நிறுவனம் மாற்றாகச் செய்துவைத்த ஆடி சரியாகவே இருந்தது. அதை ஏவவில்லை. 1990 ஏப்ரல் 24இல் ஹப்பிள் விண்ணுக்குப் போய், ஜூனில் உண்மை வெளிப்பட்டது. மங்கிய படங்கள். விண்வெளி வீரர்கள் 1993இல் நேரில் போய்த் திருத்தினார்கள்.

நம் துணைக்கோளுக்கு அந்த வசதி கிடையாது. 685 கிலோமீட்டர் உயரத்துக்கு மெக்கானிக் போக முடியாது. மேலே போன பின் கெட்டால் கெட்டதுதான். இரண்டாம் பிரதமர் துன் அப்துல் ரசாக் நினைவாக அதற்கு ரசாக்சாட் என்று பெயரானது. எடை சுமார் 180 கிலோ.

அதை எங்கே சுற்றவிடுவது?

படமெடுக்கும் துணைக்கோள்கள் பெரும்பாலும் துருவங்களை ஒட்டிச் சுற்றுபவை. ஓர் இடத்தை எப்போதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், காலை பத்தரை வாக்கில், கடந்துபோகும். அந்த நேரத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் மேல் மேகம் இருந்தால் அன்றைய வேலை போச்சு. நம் ஊர் வானத்தை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஆகவே, பூமத்திய ரேகையை ஒட்டி 9 பாகை சாய்வில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் நம் தலைக்கு மேலே திரும்பத் திரும்ப வரும். மேகம் விலகிய நேரமாகப் பார்த்துப் படம் பிடிக்கலாம். இந்தத் திட்டத்திலேயே மிகவும் புத்திசாலித்தனமான முடிவு இது என்பது என் கருத்து.

ஆனால், அந்த முடிவே வேறொரு கதவை அடைத்தது. பைக்கனூர் வடக்கே வெகு தூரத்தில், 46 பாகையில் இருக்கிறது. அங்கிருந்து இந்தப் பாதைக்கு வருவது கட்டுப்படியாகாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், மலிவாக ஏவக்கூடிய ராக்கெட் வேண்டும். பசிபிக் கடலில் குவாஜலைன் தீவுக்கூட்டத்தின் ஒமெலெக் தீவு, 9 பாகையில். அங்கே ஏவத் தயாராகிக்கொண்டிருந்தது ஒரு புதிய நிறுவனம். ஒப்பந்தம் பேசிய காலத்தில் ஒருமுறைகூட விண்ணுக்குப் போயிராத ராக்கெட். நிறுவனத்தின் பெயர் ஸ்பேஸ்எக்ஸ். ராக்கெட்டின் பெயர் ஃபால்கன் 1.

2006 மார்ச் 24: முதல் ஏவல். எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. தோல்வி.

2007 மார்ச் 21: தோல்வி.

2008 ஆகஸ்ட் 3: பிரிந்த முதல் கட்டமே இரண்டாம் கட்டத்தின் மேல் வந்து இடித்தது. அதிலிருந்த நாசாவின் சிறு துணைக்கோள்களும் சேர்ந்து அழிந்தன.

ரசாக்சாட் காத்திருந்தது. அதைக் கட்டியவர்களின் நெஞ்சு அந்த ஆகஸ்டில் எப்படி அடித்திருக்கும்! 2008 செப்டம்பர் 28இல் நான்காவது ஏவல், உள்ளே வெறும் எடைக்கட்டையோடு, வெற்றி பெற்றது. அடுத்தது நம்முடையது. ஸ்பேஸ்எக்ஸ் காசு வாங்கிக்கொண்டு சுற்றுப்பாதையில் சேர்க்கப்போகும் முதல் துணைக்கோள் மலேசியாவினுடையதாக இருக்கப்போகிறது.

2009 ஏப்ரல் 21 என்று நாள் குறித்தார்கள். அதற்குள் எல்லாம் நின்றது. ராக்கெட்டின் அதிர்வு துணைக்கோளைப் பாதிக்கக்கூடும் என்று கணக்கு சொன்னது. தலைமுடி அளவுக்கும் நகரக்கூடாத அந்த இரண்டு ஆடிகளை நினைத்துப் பாருங்கள். அதிர்வைத் தணிக்கும் ஏற்பாடுகள் ஆராயப்பட்டன. வாரங்கள் கடந்தன.

ஜூலை 14, மலேசிய நேரம் காலை 11.35. ஃபால்கன் 1 எழும்பியது. முதல் கட்டம் சுத்தமாகக் கழன்றது. இரண்டாம் கட்டம் எரிந்தது, அணைந்தது, வெகுநேரம் மிதந்தது, மறுபடி எரிந்தது. ரசாக்சாட் பிரிந்தது. ஒப்பந்தத்தில் கேட்டபடி அதே 9 பாகை, அதே உயரம். நாடு கொண்டாடியது.

கண் திறந்தது. படங்களும் வந்தன. ஆனால், பின்னர் தலைமைக் கணக்காய்வாளரின் 2010ஆம் ஆண்டு அறிக்கை, 14 கோடியே 20 லட்சம் வெள்ளி செலவான அந்தத் தொலைநோக்கியைப் பற்றி எழுதிய வரிகளில் ஒன்று இது: எடுக்கச் சொன்ன இடம் ஒன்று, படத்தில் விழுந்த இடம் வேறு.

கோளாறு ஆடியிலா, துணைக்கோளைத் திருப்பும் அமைப்பிலா, தரையிலிருந்து போன கட்டளையிலா? அதே 2009 ஜூலை 29 அன்று, அதே கொரிய நிறுவனத்தின் துணையோடு துபாய் தன் முதல் துணைக்கோளை ஏவியது. அதுவும் இரண்டரை மீட்டர்தான். அவர்களுடையது என்ன ஆயிற்று?

(அடுத்த வாரம்)