கொழும்பு ஹோட்டலின் மாலைத் தேநீரும் மலையகத்தின் அரைப்பேரும்

வைத்திக்குப்பத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்தால், குருசுக்குப்பம் தாண்டியதும் வெள்ளை நகரம். பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட பழைய மாளிகைகள் பல இன்று சொகுசு விடுதிகள். அறை, சாப்பாட்டோடு சேர்த்து 'பாரம்பரியம்' என்ற சொல்லையும் அவை விற்கின்றன. அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் 'யாருடைய பாரம்பரியம்?' என்று கேட்க நாம் பழகவேண்டும் தோழர்களே. அதற்கு நல்ல பாடம் கடல் தாண்டிக் கொழும்பில் இருக்கிறது.

கொழும்பு காலிமுகத்திடலை ஒட்டிய கால்ஃபேஸ் ஹோட்டல் 1864இல் பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கியது. கடலைப் பார்த்த அதன் தாழ்வாரத்தில் மாலைத் தேநீர் பெயர்பெற்றது. அடுக்குத் தட்டில் சாண்ட்விச், ஸ்கோன், கேக். கூடவே சிலோன் தேநீர். ஆனால் அந்த ஹோட்டல் திறந்தபோது இலங்கை மலைகளில் இருந்தவை காப்பித் தோட்டங்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல்தான். 1869இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை அழித்த பிறகே தேயிலை மலைகளைப் பிடித்தது. அதாவது, சிலோன் தேயிலை வணிகத்தைவிட ஹோட்டலுக்கு வயது அதிகம்.

காப்பி போய்த் தேயிலை வந்தபோதும் மாறாமல் இருந்தது, தோட்டத்தில் உழைத்த மக்கள். திருச்சி, மதுரை, சேலம், தஞ்சைப் பகுதிகளிலிருந்து வந்த அவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர். பஞ்சமும் பண்ணையடிமை முறையும் விரட்ட, படகில் மன்னாரில் இறங்கி, மாத்தளைவரை காட்டுவழி நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். கூட்டிப்போன கங்காணிகளில் பலர் மேல்சாதியார். முன்பணக் கடன் கங்காணியின் கையில் இருந்ததால் சாதியும் கடனும் சேர்ந்தே கடல் கடந்தன. கடனைச் சீட்டில் எழுதி ஆளைத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிந்தது.

தேநீரில் போடும் சர்க்கரைக்கும் நம் கரைக்கும் தொடர்பு உண்டு. 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைமுகங்கள் ஆயின. 1853இல் ஒரேலி என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அடுத்த ஆண்டு குவாதலூப்பில்.

'ஹை டீ' என்ற பெயரிலும் ஒரு களவு இருக்கிறது. இங்கிலாந்தில் சீமாட்டிகள் நாலு மணிக்கு அருந்தியது 'மாலைத் தேநீர்'. வேலை முடிந்து வந்த தொழிலாளிகள் மேசையில் உட்கார்ந்து வயிறார உண்ட அந்திச் சாப்பாடுதான் 'ஹை டீ'. இன்று நம் பக்கத்து நட்சத்திர ஹோட்டல்கள் சீமாட்டியின் விருந்துக்குத் தொழிலாளியின் சாப்பாட்டுப் பெயரை வைத்திருக்கின்றன.

தேயிலையால் நாடு பிழைத்தது. கொழுந்து பறித்தவர்களுக்கோ 1948 குடியுரிமைச் சட்டம் நாடே இல்லாமல் செய்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி பிறகு பார்க்கலாம் என்று. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார்கள்.

அங்கேயே தங்கியவர்களில் பலருக்கு இன்றும் லயம்தான் வீடு. சொன்ன கிலோ வராவிட்டால் 'அரைப்பேர்', அதாவது பாதிநாள் கூலி. 2018 அக்டோபரில் மலையகப் பிள்ளைகள் கறுப்பு உடையில் ஆயிரக்கணக்கில் காலிமுகத்திடலில் கூடினார்கள். கேட்டது நாள் கூலி 1,000 ரூபாய். அன்றைய அடிப்படைக் கூலி 500. அந்த 1,000 ரூபாய் அறிவிக்கப்பட 2021 ஆனது. அவர்கள் கூடிய திடலின் ஓரத்தில்தான் அந்த ஹோட்டலும் இருக்கிறது.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு நாம் இதை முடித்துக்கொள்ள முடியாது. அந்தத் தேயிலை நம் ஊர்க் கடைக்கு வந்தபோது, அதே சாதி மக்களுக்குத் தனிக் குவளை வைத்தது ஊர்தான். தாழ்வாரத்து மேசையில் பணம் பார்த்துப் பிரித்தார்கள்; இங்கே பிறப்பைப் பார்த்துப் பிரித்தார்கள். கடைகளிலும் உணவகங்களிலும் சாதி பார்த்துத் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15(2) சொல்ல நேர்ந்தது இதனால்தான்.

மலையக வரலாற்றை 'இலங்கைப் பிரச்சினை' என்று தள்ளிவைக்கிறோம். அது நம் சேரிகளின் வரலாறு. உங்கள் தெருவில் 'கண்டிச் சீமை'க்குப் போனவர்கள், ஒப்பந்தத்தில் திரும்பியவர்கள், அவர்களின் பிள்ளைகள் இருக்கலாம். தேடிப் போங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்த ஆண்டு, என்ன கூலி என்று கேட்டுக் குறித்து வையுங்கள். விடுதிகள் தங்கள் பாரம்பரியத்தை அச்சடித்து வைத்திருக்கின்றன. நம்முடையது இன்னும் பாட்டிகளின் வாயில்தான் இருக்கிறது.